ரீம் லிஸ்ட் வந்த உடன எழும்புற கேள்வியள்: கரடிப்போக்கு ரக்பி சண்டைக்கு ஒரு பதில் தாள்

பெரிய ரக்பி மட்ச் வருதெண்டால் அதுக்கு ரெண்டு நாளைக்கு முதல் ரீம் லிஸ்ட் வரும், லிஸ்ட் வந்த உடன கரடிப்போக்குச் சந்தியில எங்கட கடைக்கு முன்னால சண்டை தொடங்கும். கிளிநொச்சியில ரக்பியோ எண்டு சிரிக்காதேங்கோ. இங்க வீட்டுக்கு ஒராளாவது பிரான்சிலயோ லண்டனிலயோ இருக்கினம், அவையின்ர பிள்ளையள் அங்க பள்ளிக்கூடத்தில ரக்பி விளையாடுதுகள், வீடியோ கோலில மருமகன் காயத்தைக் காட்டி சிரிக்கிறான், மாமாக்காரன் இங்க இருந்து அவன்ர ரீமுக்கு சப்போர்ட். அப்பிடித்தான் இந்த வருத்தம் வன்னிக்கு வந்தது.

விளையாட்டு விளங்காதவையும் கேக்கினம், விளங்கினவை அதைவிடக் கூடக் கேக்கினம். ஒவ்வொரு மட்ச்சுக்கும் வாய் நோக ஒரே கதையைச் சொல்லேலாது, அதால எழுதி வைக்கிறன். கேள்வியளைக் கேட்டவை கேட்ட மாதிரியே போட்டிருக்கிறன். லேசானது முதல், கரைச்சலானது பிறகு.

அண்ணை, 15 பேர் விளையாடுற விளையாட்டுக்கு ஏன் 23 பேரின்ர பேர் போடுறாங்கள்?

கிரவுண்டில 15 பேர், பெஞ்சில 8 பேர். அந்த எட்டுப் பேரையும் இறக்கலாம். ஃபுட்போலில இப்ப அஞ்சு பேரைத்தான் மாத்தலாம், இங்க பாதி ரீமையே மாத்திப் போடலாம். 80 நிமிஷ மட்ச்சில 50ஆவது நிமிஷத்துக்குப் பிறகு பாத்தீங்களெண்டால் முன்வரிசை மூண்டு பேரும் ஒரேயடியா வெளிய போவாங்கள், புது மூண்டு பேர் உள்ள வருவாங்கள். நித்திரைத் தூக்கத்தில பாக்கிறவை "இவன் யார் புதுசா" எண்டு கேக்கிறது அந்த நேரந்தான்.

ஒருக்கா வெளிய எடுத்த ஆள் சும்மா திரும்ப வரேலாது. ரத்தக்காயம், தலைச் சோதனை எண்டு தற்காலிகமா வெளிய போனவன் வரலாம், முன்வரிசையில ஆள் காயப்பட்டால் முதல் வெளிய போன முன்வரிசைக்காரன் திரும்ப வரலாம். அந்த முன்வரிசைக் கதை பெரிசு, கீழ வருது.

நம்பரைப் பாத்தே ஆள் எங்க நிப்பான் எண்டு சொல்லலாமோ?

ஓம், ரக்பியில நம்பர் ஆளின்ர சொந்த நம்பர் இல்லை, வேலையின்ர நம்பர். 1, 2, 3 முன்வரிசை, நடுவில நிக்கிற 2 தான் ஹூக்கர், ரெண்டு பக்கமும் ப்ரொப். 4, 5 நெடுவல் ஆக்கள், லொக் எண்டுறது. 6, 7, 8 பின்வரிசை, அதில 6உம் 7உம் ஃப்ளாங்கர். இந்த எட்டுப் பேரும் ஃபோர்வர்ட். 9 ஸ்க்ரம் ஹாஃப், 10 ஃப்ளை ஹாஃப், 12, 13 சென்ரர், 11, 14 விங், 15 ஃபுல்பாக். இவை பாக்ஸ். பிரான்சின்ர துப்போன் 9, ஆனா அவர் பெஞ்சில இருந்து வந்தால் முதுகில 9 இருக்காது.

உந்த 5-3, 6-2 எண்டு கதைக்கிறீங்கள், அது ஸ்கோரோ?

இல்லை. பெஞ்சில இருக்கிற எட்டுப் பேரை எப்பிடிப் பிரிச்சிருக்கிறாங்கள் எண்ட கணக்கு. முதல் நம்பர் ஃபோர்வர்ட், ரெண்டாவது பாக்ஸ். 5-3 தான் வழமையானது. 6-2 எண்டால் பாரமான ஆக்கள் கூட, ஓடுற ஆக்கள் குறைவு. 7-1 எண்டும் இருக்கு, அதுக்கு ஒரு தனிக் கேள்வியே கீழ இருக்கு ஏனெண்டால் ஒவ்வொரு முறையும் அதில தான் கதிரை பறக்கிறது.

லிஸ்ட் வந்தால் எல்லாரும் 1இல இருந்து 15 வரை வாசிச்சுப்போட்டு சண்டை பிடிக்கினம். நான் 23இல இருந்து மேல நோக்கித்தான் வாசிக்கிறது. 16 முதல் 23 வரை பாத்தால் கோச் கடைசி அரை மணித்தியாலத்துக்கு என்ன நினைச்சிருக்கிறார் எண்டு தெரியும், அது தெரிஞ்சால் முதல் 15 பேரை ஏன் போட்டவர் எண்டு பாதி விளங்கும். இந்தத் தாள் முழுக்க நான் சொல்லப் போறது இதைத்தான், வேற வேற கேள்விக்கு வேற வேற மாதிரி.

மூண்டு மொத்தமான ஆக்களைப் பெஞ்சில குந்த வைச்சிருக்கிறாங்கள், ஒராள் காணாதோ?

காணாது, அது கோச்சின்ர விருப்பமும் இல்லை, சட்டம். 1, 2, 3 மூண்டு இடத்துக்கும் அந்தந்த இடத்தில பழகின மாத்து ஆள் இருக்கோணும். ஸ்க்ரம் எண்டால் ரெண்டு பக்க ஃபோர்வர்ட்டும் குனிஞ்சு தோளை மாட்டி பந்துக்காகத் தள்ளுறது. அதில ஒரு பக்கம் எட்டுப் பேர், சர்வதேச மட்டத்தில அந்த எட்டுப் பேரின்ர நிறை 900 கிலோவுக்குக் கிட்ட வரும், எதிர்ப்பக்கமும் அதே அளவு. அதுக்கு நடுவில பழகாத ஒருத்தன்ர கழுத்து மாட்டினால் என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

1உம் 3உம் ஒரே வேலை எண்டு நினைக்காதேங்கோ. 1ஆம் நம்பர் ஓரத்தில நிக்கிறான், அவன்ர இடப்பக்கம் வெளி. 3ஆம் நம்பரின்ர தலை எதிரியின்ர ஹூக்கருக்கும் ப்ரொப்புக்கும் இடையில போகுது, ரெண்டு தோளிலயும் ஆள், ரெண்டு பேரும் அவனைத்தான் அமத்துவாங்கள். அதால நல்ல 3ஆம் நம்பருக்கு கிளப்புகள் காசைக் கொட்டிக் குடுக்கும், ரீவியில ஆளின்ர முகமே தெரியாது ஆனா சம்பளம் தெரியும்.

2022 பெப்ரவரியில டப்ளினில இத்தாலிக்கு நடந்ததைப் பாருங்கோ. ஹூக்கர் லுக்கேசி தொடக்கத்திலயே காயம், அவருக்குப் பதிலா வந்த ஃபைவா கொஞ்ச நேரத்தில ரெட் கார்ட். ரெண்டு ஹூக்கரும் இல்லை. ஸ்க்ரமில தள்ளுப்பாடு இல்லாமல் விளையாடு எண்டு ரெஃபரி சொல்ல, சட்டப்படி இன்னும் ஒராளும் வெளிய போகவேண்டி வந்து, 13 பேராக் குறைஞ்சு போனாங்கள். அயர்லாந்து 57-6. இதுக்குப் பிறகும் "16ஆம் நம்பர் (பெஞ்சில இருக்கிற ஹூக்கர்) சும்மா ஆள்" எண்டு ஆரும் சொன்னால் நான் தேத்தண்ணி வாங்கித் தரமாட்டன்.

பெஞ்சில இருக்கிறவன் எண்டால் ரெண்டாந்தரம் தானே மச்சான்?

விசுவமடுவில இருந்து வாற ஒருத்தன் இதை ஒவ்வொரு மட்ச்சுக்கும் கேக்கிறான். இல்லை மச்சான். அருவி வெட்டுக்கு ஆள் பிடிக்கேக்க விடிய வயலுக்குள்ள இறங்குறவனையும் பின்னேரம் மூட்டை ஏத்துறவனையும் ஒரே கண்ணால பாக்கிறேல்லைத்தானே, பின்னேரம் வாறவன் தான் களைக்காமல் இருக்கோணும். 

2019 உலகக் கிண்ண இறுதிப் போட்டி, யொக்கொஹாமாவில, தென்னாபிரிக்கா 6-2 எண்டு போட்டது. பெஞ்சில இருந்த அந்த ஆறு ஃபோர்வர்ட்டுகளுக்கும் "பொம்ப் ஸ்குவாட்" எண்டு பேர். அவங்கள் மிச்சம் மீதி இல்லை, எதிரி களைச்ச நேரத்தில இறக்கி விடுறதுக்கெண்டே வைச்சிருந்த ஆக்கள். இங்கிலாந்தை 32-12 எண்டு வெண்டாங்கள். இங்கிலாந்தின்ர 3ஆம் நம்பர் கைல் சிங்க்லர் மூண்டாவது நிமிஷத்தில தலையில அடிபட்டு வெளிய போனவர், மாத்தாள் டான் கோல் மிச்ச நேரம் முழுக்க அந்த ஸ்க்ரமில நிக்க வேண்டி வந்தது. ஒரு பக்கம் ஆள் மாறி மாறி வருது, மற்றப் பக்கம் ஒரே ஆள். ஸ்க்ரமில பெனல்ரிக்கு மேல பெனல்ரி போனது அதால தான்.

7-1 எண்டு போடுறது விசர் வேலை இல்லையோ? ஓடுற ஆக்கள் ரெண்டு பேர் காயப்பட்டால் என்ன செய்யுறது?

சூது தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா விசர் இல்லை.

2025 மார்ச்சில டப்ளினில பிரான்ஸ் 7-1 போட்டது. பெஞ்சில இருந்த ஒரேயொரு பாக் மக்சிம் லுக்கு. முதல் பாதியிலயே துப்போன்ர முழங்கால் போச்சு, லுக்கு இறங்கியாச்சு, பெஞ்சில ஏழு ஃபோர்வர்ட் மட்டும். பிறகு சென்ரர் பராசிக்கும் தலையில அடி. எங்கட கடையில அப்ப எல்லாரும் தலையில கையை வைச்சிட்டினம். கோச் கல்த்தியே என்ன செய்தவர்? ஒஸ்கார் ஜெகூ எண்ட ஃப்ளாங்கரை, ஃபோர்வர்ட் பெடியனை, சென்ரரில நிப்பாட்டினார். அவன் நிண்டு பிடிச்சான். பிரான்ஸ் 42-27. 

இதில கவனிக்க வேண்டியது என்னெண்டால் 7-1 போடுறவன் அந்த ஏழு பேருக்குள்ள ஜெகூ மாதிரி ஓடத் தெரிஞ்ச ஒருத்தனை வைச்சிருப்பான். தென்னாபிரிக்காவும் அதே மாதிரி க்வாக்கா ஸ்மித்தை வைச்சிருந்தது, அவர் முந்தி ஏழுபேர் ரக்பி விளையாடின ஆள், ஃபோர்வர்ட் எண்டு பேர் இருக்கு ஆனா ஓட்டம் விங்கின்ர ஓட்டம். அதால 7-1 எண்ட இலக்கத்தை மட்டும் பாத்து கத்தாதேங்கோ, அந்த ஏழு பேர் ஆர் எண்டு வாசியுங்கோ. அப்பிடி ஒருத்தனும் இல்லாமல் 7-1 போட்டிருந்தால் என்னோட சேந்து நீங்களும் கத்தலாம்.

ஹூக்கர் காயப்பட்டதுக்கு கிக் அடிக்கிற ஆளைக் கூப்பிட்டவங்கள் எண்டு சொல்லுறியள், உண்மையோ இல்லாட்டி கடைக்கதையோ?

உண்மை. 2023 உலகக் கிண்ணம். தென்னாபிரிக்காவின்ர 33 பேருக்குள்ள முதல் தர ஹூக்கர் ரெண்டு பேர், மல்கம் மார்க்ஸ், பொங்கி ம்பொனாம்பி. மார்க்ஸின்ர முழங்கால் போயிட்டுது. உலகமே இன்னொரு ஹூக்கர் வருவான் எண்டு பாத்துக்கொண்டிருக்க, அவங்கள் கூப்பிட்டது ஹன்ட்ரே பொலார்ட், 10ஆம் நம்பர். இருந்த 10ஆம் நம்பர் மானி லிபொக் வடிவா ரீமை ஓட வைப்பார், ஆனா கோலுக்கு அடிக்கிற கிக் நம்பேலாது. ஹூக்கர் வேலைக்கு டியோன் ஃபூரி எண்ட 37 வயசு ஃப்ளாங்கர் இருக்கிறார், முந்தி ஹூக்கரா விளையாடினவர், சமாளிக்கலாம் எண்டது கணக்கு.

இனிப் பாருங்கோ. அரையிறுதியில இங்கிலாந்து மழைக்குள்ள அமத்திக்கொண்டு போகுது, லிபொக்கை 31ஆவது நிமிஷத்திலயே எடுத்துப்போட்டு பொலார்டை இறக்கினாங்கள். முடிய ரெண்டு மூண்டு நிமிஷம் இருக்கேக்க பாதிக் கோட்டுக்குக் கிட்ட இருந்து பெனல்ரி, அடிச்சார், 16-15. இறுதிப் போட்டியில நியூசிலாந்தோட ம்பொனாம்பி மூண்டாவது நிமிஷத்திலயே காயம், ஃபூரி இறங்கி மிச்ச மட்ச் முழுக்க ஹூக்கரா நிண்டார், லைன் அவுட்டில, அதாவது கோட்டுக்கு வெளிய போன பந்தை ஹூக்கர் திரும்ப உள்ள எறியேக்க, அவர் எறிஞ்ச பந்து கொஞ்சம் பிழைச்சது, அதுதான் அந்தச் சூதுக்குக் குடுத்த விலை. மற்றப் பக்கம் பொலார்ட் நாலு பெனல்ரி, 12 புள்ளி. ஸ்கோர் 12-11. தென்னாபிரிக்காவின்ர அத்தனை புள்ளியும் ஹூக்கருக்குப் பதிலா வந்தவன்ர கால். அண்டைக்கு பெஞ்சும் 7-1. எங்கட நேரத்துக்கு இரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கின மட்ச், முடியேக்க சந்தியில நாயள் குரைச்சதுக்கு நாங்கள் தான் காரணம்.

10ஆம் நம்பருக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடிபாடு?

பந்து எல்லாம் அவன்ர கையால போகுது, கன ரீமில கோலுக்கு அடிக்கிறதும் அவன். எல்லாருக்கும் ரீவியில வடிவாத் தெரியுற வேலை, அதால எல்லாருக்கும் அபிப்பிராயம் இருக்கு. 3ஆம் நம்பரைப் பற்றி சண்டை பிடிக்க ஸ்க்ரம் விளங்கோணும்.

லண்டனில சொந்தக்காரர் இருக்கிறவை இங்கிலாந்தின்ர 10ஆம் நம்பருக்கு மார்கஸ் ஸ்மித் கட்சி, ஃபின் ஸ்மித் கட்சி எண்டு பிரிஞ்சு நிப்பினம். 2025 பெப்ரவரியில பிரான்சோட ஃபின்னுக்கு 10ஆம் நம்பர் முதல் தொடக்கம் குடுத்து, மார்கஸை 15க்குத் தள்ளினாங்கள். லிஸ்ட் வந்த அண்டு மார்கஸ் கட்சி கொதிச்சது. கடைசி நிமிஷத்தில டேலி எதிரியின்ர கோட்டுக்கு அங்கால பந்தை வைச்சு ட்ரை போட ஃபின் கிக் அடிக்க 26-25 எண்டு இங்கிலாந்து வெண்டிட்டுது. மார்கஸ் கட்சி இப்பவும் தோல்வியை ஒத்துக்கொள்ளேல்லை, "15இல நிண்டு அவன் தான் காப்பாத்தினவன்" எண்டு கதைக்கினம்.

போன கிழமை நல்லா விளையாடினவனை இந்த மட்ச்சில காணேல்லை. கோச்சுக்கு அவனோட ஏதும் கோவமோ?

கோவமும் இருக்கலாம், ஆனா பொதுவா எதிரி மாறினால் வேலை மாறும். மேல சொன்ன லிபொக்கைப் பாருங்கோ, அரையிறுதியில தொடங்கின 10ஆம் நம்பர், இறுதிப் போட்டியில 23 பேருக்குள்ளயே இல்லை. தொடங்கின 9ஆம் நம்பர் ரெய்னாக்கும் இல்லை. 7-1 போட முடிவெடுத்தால் பாக்ஸுக்குப் பெஞ்சில ஒரு கதிரை தான், அதில வில்லி லெ ரூ குந்தியாச்சு. ஆக ஒருத்தன் வெளிய போறதுக்குக் காரணம் அவன்ர இடத்துக்கு வந்தவனாவும் இருக்கலாம், பெஞ்சின்ர கணக்காவும் இருக்கலாம்.

இதைவிட காயத்தை மறைக்கிறதும் உண்டு. "ஓய்வு" எண்டு அறிவிச்சால் கனநேரம் தொடை பிடிச்சிருக்கு எண்டு அர்த்தம்.

சனி இரவு முழிச்சிருந்து பாத்தால் துலூஸ் சின்னப் பெடியளைப் போட்டிருக்கு. துப்போன் எங்க, காசு குடுக்கேல்லையோ?

பிரான்சில கிளப் லீக் 14 ரீம், 26 சுற்று. நாட்டு ரீம் மட்ச் நடக்கிற காலத்திலயும் லீக் முழுசா நிக்கிறேல்லை. அந்தக் கிழமையளில துலூஸ் மாதிரி நாட்டு ரீமுக்குக் கனபேரைக் குடுக்கிற கிளப்பு பாதி ஆளோட தான் விளையாடும். அதால தான் பெப்ரவரி மார்ச்சில உங்கட மைத்துனர் போன் எடுத்து "துலூஸ் தோத்திட்டுது" எண்டு அழுறவர். அங்க இரவு ஒன்பது மணி மட்ச் எண்டால் குளிர்காலத்தில எங்களுக்கு விடியச்சாமம் ஒண்டரை, முழிச்சிருக்க முதல் லிஸ்டைப் பாருங்கோ, நித்திரையாவது மிஞ்சும்.

இன்னொண்டும் இருக்கு. பிரான்ஸ் கிளப்புகள் தங்கட நாட்டில சின்ன வயசில இருந்து பயிற்சி எடுத்த ஆக்களை மட்ச் ரீமில சராசரியா இத்தனை பேர் வைச்சிருக்கோணும் எண்டு லீக் விதி இருக்கு, ஜிஃப் எண்டுவினம். வெளிநாட்டு ஸ்டார் ஒருத்தன் வெளிய நிக்கிறதுக்கு அதுவும் காரணமா வரும். துப்போன் 2024இல ஆறு நாட்டுப் போட்டியையே விட்டுப்போட்டு ஏழுபேர் ரக்பிக்குப் போனவர், பாரிஸ் ஒலிம்பிக்கில பிஜியை 28-7 எண்டு வெண்டு தங்கம் எடுத்தார். அந்த வருசம் "அவர் எங்க" எண்டு கேட்டவைக்கு அதுதான் பதில்.

லேசான மட்ச்சுக்கு ஏன் நல்ல ஆக்களைப் போட்டு உடைக்கிறாங்கள்?

இது நமீபியா மட்ச்சைப் பற்றின கேள்வி, எனக்குத் தெரியும். 2023 செப்ரெம்பர், மார்செய். பாதி நேரத்தில பிரான்ஸ் 54-0. துப்போனை எடுக்கேல்லை, ரெண்டாம் பாதி தொடங்கி கொஞ்சத்தில தலையோட தலை மோதி கன்ன எலும்பு உடைஞ்சது. மட்ச் 96-0. மூண்டரைக் கிழமையில ஒப்பரேஷன் முடிச்சு தலைக்கவசத்தோட காலிறுதிக்கு வந்தார், தென்னாபிரிக்காவோட 28-29, ஒரு புள்ளியில போச்சு.

சேந்து விளையாடிப் பழகோணும், 9க்கும் 10க்கும் கை பிடிபடோணும் எண்டது கோச்சின்ர நியாயம். தொடங்கினது சரி எண்டு நானும் சொல்லுவன். 54-0க்குப் பிறகும் விட்டது பிழை, இதில ஆரும் என்னை மாத்தேலாது. மாத்தாள் பெஞ்சில சும்மா தானே இருந்தவர்.

நியூசிலாந்துக்காரன் ஜப்பானில நல்லா விளையாடுறான், ஏன் எடுக்கினமில்லை?

நியூசிலாந்து தங்கட நாட்டுக்குள்ள விளையாடுறவனைத்தான் ஒல் பிளாக்ஸுக்கு, அதாவது நாட்டு ரீமுக்கு, எடுக்கும். ரிச்சி மொவுங்கா 2023க்குப் பிறகு ஜப்பான் போனவர், போன உடன கதவு பூட்டு. இங்கிலாந்தும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். தென்னாபிரிக்கா எங்க விளையாடினாலும் எடுக்கும். ரெண்டுக்கும் நியாயம் இருக்கு. கதவைத் திறந்தால் உள்ளூர் லீக் வெறுமையாப் போகும், பூட்டினால் நல்ல ஆக்கள் வெளியில நிப்பினம். 1995இல தான் ரக்பியில காசுக்கு விளையாடலாம் எண்டு வெளிப்படையா அனுமதிச்சது, அண்டு தொடங்கின இழுபறி.

என்ர தங்கச்சியின்ர மகன் பாரிசில பிறந்தவன், நல்லா விளையாடுறான். இலங்கை ரீமுக்கு எடுக்கலாமோ தம்பி?

எடுக்கலாம் அக்கா. அந்த நாட்டில பிறந்திருக்கோணும், இல்லாட்டி தாய் தகப்பனிலயோ அவையின்ர தாய் தகப்பனிலயோ ஒராள் அங்க பிறந்திருக்கோணும், இல்லாட்டி தொடர்ந்து 60 மாசம் அங்க இருந்திருக்கோணும். உங்கட தங்கச்சி தர்மபுரத்தில பிறந்தவ எண்ட பிறப்புச் சான்றிதழ் கையில இருந்தால் காணும். பிரான்சுக்கும் அவன் விளையாடலாம், அங்க பிறந்தவன் தானே.

ஒரு நாட்டுக்கு விளையாடிப்போட்டு மற்றதுக்கு மாறுறது தான் கரைச்சல். முந்தி ஏலவே ஏலாது. 2022இல இருந்து பிறப்போ பெற்றோர் வழியோ உரித்து இருந்தால், மூண்டு வருசம் சர்வதேச மட்ச் விளையாடாமல் இருந்துபோட்டு ஒருக்கா மட்டும் மாறலாம். பெடியன் முதல் பள்ளிக்கூட ரீமில நிக்கட்டும், பிறகு பாப்பம்.

கொழும்பு, கண்டி கிளப் மட்ச்சுக்கும் உந்தக் கணக்கு பொருந்துமோ?

ஸ்க்ரம் எங்கயும் ஸ்க்ரம் தான், முன்வரிசைக் கதை அப்பிடியே பொருந்தும். ஆனா இங்க தேர்வில வேற சோலியள். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் எண்டு சீருடைக்காரருக்கே தனித்தனி ரீம், அங்க விளையாடுறவனுக்கு அதுவே உத்தியோகம். கண்டி, ஹெவலொக், சீ.ஆர். மாதிரி கிளப்புகள் பள்ளிக்கூட ரக்பியில இருந்து ஆள் பிடிக்கும். கொழும்பு ரோயலும் கண்டி ட்ரினிற்றியும் எண்ட ரெண்டு பள்ளிக்கூடமும் மோதுற பிராட்பி கேடயம் 1945இல இருந்து நடக்குது, அதில நல்லா விளையாடின பெடியன்ர பேர் கிளப்புக்குப் போக முதலே எல்லாருக்கும் தெரியும். வன்னிப் பள்ளிக்கூடத்துப் பெடியனுக்கு அந்த வாசல் இல்லை, அதைச் சொல்லாமல் கண்டி நித்தவெல ரக்பி கிரவுண்டைப் பற்றிப் புழுகேலாது.

அண்ணா, பொம்பிளையள் மட்ச்சுக்கும் இதே மாதிரியோ?

அதே 15, அதே 23, அதே ஸ்க்ரம். 2022இல நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியில இங்கிலாந்தின்ர விங் தொம்சனுக்கு முதல் பாதியில ரெட் கார்ட், 14 பேரோட நிண்டு நியூசிலாந்திட்ட 34-31 எண்டு தோத்தினம். 2025இல ட்விக்கன்ஹமில கனடாவை 33-13 எண்டு அடிச்சு கிண்ணம் எடுத்தினம். ஆம்பிளையள் மட்ச்சை விட நேரம் எங்களுக்கு வசதி, ஆனா பாக்க வாற ஆள் குறைவு. அது எங்கட பிழை.

மழை எண்டால் லிஸ்ட் மாறுமோ?

லிஸ்ட் மாறுறது அருமை, விளையாடுற விதம் மாறும். கால் நல்லா அடிக்கிறவன்ர பெறுமதி ஏறும், விங்கில நிக்கிறவன் நனைஞ்சு கொண்டு நிப்பான்.

முன்வரிசைக்காரனுக்கு கார்ட் குடுத்தால் ஏன் சம்பந்தமில்லாத ஒருத்தன் வெளிய போறான்?

யெல்லோ கார்ட் எண்டால் பத்து நிமிஷம் வெளிய. 3ஆம் நம்பர் அப்பிடிப் போனால் ஸ்க்ரமுக்கு 3 வேணும், பெஞ்சில இருந்து 18ஐ, அதாவது 3இன்ர மாத்தாளை, இறக்கோணும், ஆனா ஆள் கணக்குக் கூடக் கூடாதே, அதால வேற ஒருத்தன் பலி. கனநேரம் ஃப்ளாங்கர் ஒருத்தன் தான் போவான். 16, 17, 18 சும்மா ஆக்கள் இல்லை எண்டதுக்கு இதுவும் ஒரு காரணம், இத்தாலிக் கதையை மேல பாருங்கோ.

மட்ச் முடிஞ்சாப்பிறகு கோச் எடுத்த முடிவு சரி, பிழை எண்டு என்னண்டு சொல்லுறது?

ஸ்கோரைப் பாத்துச் சொல்லுறவை தான் கூட, அதில எனக்கு நம்பிக்கை இல்லை. 2023 உலகக் கிண்ணக் குழு மட்ச்சில தென்னாபிரிக்கா 7-1 போட்டு அயர்லாந்திட்ட 13-8 எண்டு தோத்தது, எல்லாரும் 7-1ஐத் திட்டிச்சினம். போய்ப் பாத்தால் தோத்தது கிக் தவறினதால. அஞ்சு கிழமைக்குப் பிறகு அதே 7-1, ஒரு புள்ளியால கிண்ணம், எல்லாரும் புத்திசாலி எண்டாங்கள். நியூசிலாந்தின்ர ஜோர்டி பாரெட் அடிச்ச கடைசிக் கிக் உள்ள போயிருந்தால் தென்னாபிரிக்க ரீமுக்குப் பொறுப்பா இருந்த எரஸ்மஸை இப்பவும் திட்டிக்கொண்டிருப்பம்.

நான் பாக்கிறது இது தான்: லிஸ்டில எந்த நேரத்துக்கு ஆளை ஒதுக்கினவரோ அந்த நேரத்தில அந்த ஆள் இறங்கினானோ, இறங்கி அந்த வேலையைச் செய்தானோ. 55இல இறக்க வைச்ச ப்ரொப்பை 75 மட்டும் குந்த வைச்சிருந்தால், வெண்டாலும் நான் திட்டுவன்.

லிஸ்ட் வந்தாப்பிறகும் ஆள் மாறுமோ? நாங்கள் பந்தயம் பிடிச்சிட்டம்.

மாறும். 2023 ஓகஸ்ட்டில ட்விக்கன்ஹமில தென்னாபிரிக்காவின்ர பெஞ்சில இருந்த லெ ரூ மட்ச்சுக்குக் கொஞ்சம் முதல் விலகினார், அந்த இடத்துக்கு வந்தது மேல சொன்ன க்வாக்கா ஸ்மித். ஒரு பாக் போய் ஒரு ஃபோர்வர்ட் வந்ததில அண்டைய பெஞ்ச் 7-1 ஆச்சு. நியூசிலாந்து 35-7 எண்டு தோத்தது, அவங்கட சரித்திரத்திலயே அவ்வளவு வித்தியாசத்தில தோத்ததில்லை. 

அதால எங்கட கடைச் சட்டம்: ஆக்கள் கிரவுண்டுக்குள்ள இறங்கி தேசிய கீதம் பாடுற மட்டும் பந்தயம் மாத்தலாம், கீதம் முடிஞ்சால் இல்லை. பந்தயம் கொத்து ரொட்டி மட்டும், காசு வேண்டாம். போன மட்ச்சுக்கு தோத்தவை ரெண்டு பேர் இன்னும் வாங்கித் தரேல்லை, அவையின்ர பேர் இங்க போடேல்லை, ஆனா அவைக்குத் தெரியும்.